புக்கன்வால்ட் நினைவிடம் யாருக்கு உரியது?

ஜெர்மனியின் வைமார் நகருக்குச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் கதேயையும் ஷில்லரையும் தேடிச் செல்கிறார்கள். அக்கவிஞர்கள் வாழ்ந்த வீடுகளும், அருகருகே அவர்கள் நிற்கும் சிலையும், நூலகமும், பூங்காவும் பார்வையாளர்களால் நிறைந்திருக்கின்றன. அந்நகரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், எட்டெர்ஸ்பெர்க் என்னும் குன்றின்மேல் இருக்கிறது புக்கன்வால்ட் வதைமுகாம் நினைவிடம். நகரப் பேருந்தே அங்கு செல்கிறது. அது செல்லும் சாலையின் ஒரு பகுதி கைதிகளைக் கொண்டு போடப்பட்டது. கைதிகள் அதற்கு இட்ட பெயர் ‘இரத்தச் சாலை’. இன்றும் அதுவே அதன் பெயர்.

1937 ஜூலையில் முகாம் திறக்கப்பட்டபோது குன்றின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டிருந்தது. வைமாரின் நாஜி பண்பாட்டுச் சங்கத்தார் அதை எதிர்த்தனர். எட்டெர்ஸ்பெர்க் கதேயின் வாழ்வோடு பிணைந்த பெயராயிற்றே, அதை ஒரு முகாமுக்குச் சூட்டலாமா என்பது அவர்களது கவலை. முகாமைக் குறித்து அவர்களுக்கு மறுப்பேதும் இல்லை. பெயரைக் குறித்துத்தான் மறுப்பு. ஆகவே ‘பீச் மரக் காடு’ என்று பொருள்படும் புக்கன்வால்ட் என்ற பெயர் புதிதாக உருவாக்கப்பட்டது. பண்பாட்டின் பெயரால் பேசுவோர் எதற்குக் கொதிப்பார்கள், எதற்கு வாய்மூடி இருப்பார்கள் என்பதை அறிய இதைவிட வேறு சான்று தேவையில்லை.

முகாமின் வாயிற்கதவு இரும்பாலானது. அதில் பொறிக்கப்பட்ட சொற்கள் வெளியிலிருந்து வருபவர் படிப்பதற்காக அமைக்கப்படவில்லை. உள்ளே அணிவகுத்து நிற்கும் கைதிகள் நாள்தோறும் படிக்க வேண்டும் என்பதற்காக உட்புறம் நோக்கி அமைக்கப்பட்டவை. ‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்று அச்சொற்களைத் தமிழாக்கலாம். பண்டைய ரோமானியச் சட்டச் சிந்தனையில் நீதிக்குக் கூறப்பட்ட இலக்கணம் அது. பசியும் சவுக்கும் சாவும்தான் உங்களுக்கு உரியவை என்று அதே இலக்கணத்தைக் கைதிகளின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்கள் எஸ்.எஸ். படையினர்.

எழுத்துகளை வடிவமைக்கப் பணிக்கப்பட்டவர் ஃபிரான்ஸ் எர்லிக் என்ற கம்யூனிஸ்ட் கைதி. அவர் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் மாணவர். 1919இல் வைமாரில் தோன்றி, 1925இல் வலதுசாரிகளால் அந்நகரிலிருந்து விரட்டப்பட்ட பள்ளி அது. சீரழிந்த கலை என்று நாஜிகளால் தூற்றப்பட்ட பள்ளி. எர்லிக் அந்தப் பள்ளியின் பாணியிலேயே எழுத்துகளை அமைத்தார். காவலர்கள் எவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுத்துகள் இன்றும் இருக்கின்றன.

கதவைக் கடந்து உள்ளே செல்பவர் முதலில் காண்பது வெறுமைதான். கைதிகளின் கொட்டடிகள் இன்று இல்லை. அவை நின்ற இடங்களைக் கருங்கற்பரப்புகள் காட்டுகின்றன. சரிந்து செல்லும் குன்றின் பக்கமெங்கும் அந்தச் செவ்வகங்கள். எஞ்சி நிற்பவை வாயிற்கோபுரம், கைதிகளின் உடைமைகளை வைத்திருந்த பெரிய கிடங்கு, கிருமிநீக்கக் கட்டடம், புகைபோக்கியோடு கூடிய பிணமெரிக்கும் கூடம் ஆகியவை. முகாமுக்குள் ஓர் ஓக் மரத்தின் அடிக்கட்டையும் உண்டு. கைதிகள் அதைக் கதேயின் மரம் என்று அழைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அருகிலிருந்த ஆயுதத் தொழிற்சாலையைத் தாக்கியபோது அது தீப்பற்றியது, பின்னர் வெட்டப்பட்டது.

வேலிக்கு வெளியே, பிணமெரிக்கும் கூடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில், ஒரு சிறிய விலங்குக் காட்சிசாலையின் இடிபாடுகள் உள்ளன. கரடிகளை வைத்திருந்த இடம் இன்றும் அடையாளம் தெரிகிறது. எஸ்.எஸ். குடும்பங்கள் ஓய்வு நேரத்தில் பிள்ளைகளோடு வந்து விலங்குகளைப் பார்த்து மகிழ்ந்தார்கள். வேலிக்கு அப்பால் என்ன நடந்தது என்பதை அவர்கள் அறியாதிருக்க வாய்ப்பே இல்லை. அடுப்புகளைக் காட்டிலும் இந்தக் கரடிக்கூண்டே பார்வையாளரை அதிகம் நிலைகுலையச் செய்கிறது என்றால் அது வியப்பல்ல.

1945 ஏப்ரல் வரை இம்முகாமிலும் அதன் கிளைகளிலும் சுமார் 2,80,000 பேர் அடைக்கப்பட்டார்கள். சுமார் 56,000 பேர் மாண்டார்கள். தொடக்கத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் சிவப்பு முக்கோணம் தைக்கப்பட்ட அரசியல் கைதிகள் முக்கியமானவர்கள்: கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், தொழிற்சங்கத்தார். 1938 நவம்பரில் யூதர்கள்மீது நாடெங்கும் நடத்தப்பட்ட வெறியாட்டத்தைத் தொடர்ந்து ஏறத்தாழ 10,000 யூத ஆண்கள் ஒரே வாரத்தில் இங்கு கொண்டுவந்து தள்ளப்பட்டார்கள். சின்டி, ரோமா மக்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், யெகோவாவின் சாட்சிகள் ஆகியோரும் அடைக்கப்பட்டார்கள். சோவியத் போர்க்கைதிகளுக்கோ முகாம் பதிவேட்டில் எண்கூடத் தரப்படவில்லை. மருத்துவப் பரிசோதனை என்று கூறி ஒரு குதிரை லாயத்துக்கு அழைத்துச் சென்று, உயரம் அளக்கும் கருவியின் முன் நிறுத்தி, சுவரிலிருந்த துளை வழியே பிடரியில் சுட்டார்கள். சுமார் 8,000 செஞ்சேனை வீரர்கள் அங்கு கொல்லப்பட்டார்கள்.

புக்கன்வால்டில் நச்சுவாயு அறைகள் இல்லை. இங்கு கொலை பெரும்பாலும் வேலையின் வடிவில் நடந்தது. இந்த வேறுபாட்டைத் தோழர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் பாசிசம் வெறும் வெறுப்பின் விளைவு என்று கூறுவோர் இதைத்தான் மறைக்கிறார்கள். போரின் இறுதி ஆண்டுகளில் இம்முகாமுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. யுங்கர்ஸ், பி.எம்.டபிள்யூ., குரூப், ஹசாக் முதலிய நிறுவனங்களுக்குக் கைதிகள் வாடகைக்கு விடப்பட்டார்கள். தேர்ச்சி பெற்ற கைதிக்கு நாளொன்றுக்கு 6 மார்க், தேர்ச்சியற்றவருக்கு 4 மார்க், பணம் எஸ்.எஸ். கருவூலத்துக்கு. உழைத்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. பிணமெரிக்கும் உலைகளைச் செய்து கொடுத்தது அருகிலுள்ள எர்ஃபுர்ட் நகரின் டோப்ஃப் அன்ட் ஸோனே என்ற குடும்ப நிறுவனம். ஆஷ்விட்சுக்கும் அந்நிறுவனமே உலை கொடுத்தது. 1942இல் அதன் பொறியாளர் ஒருவர், இடைவிடாது பிணங்களை எரிக்கக்கூடிய உலை ஒன்றுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அந்நிறுவனத்தின் நிர்வாகக் கட்டடம் 2011 முதல் ஒரு நினைவகமாக இருக்கிறது. ஓவியர் வரையும் மேசைகள் இருந்த மேல்மாடியின் சன்னலிலிருந்து பார்த்தால், தொலைவில் எட்டெர்ஸ்பெர்க் தெரியும்.

பிணமெரிக்கும் கூடத்தின் முற்றத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. கம்யூனிஸ்ட் இயக்கத்தவர் எவரும் அங்கு நிற்காமல் செல்வதில்லை. ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் எர்ன்ஸ்ட் தேல்மான் 1933 மார்ச் 3 அன்று கைது செய்யப்பட்டார். நீதிமன்ற விசாரணையே இன்றிப் பதினோரு ஆண்டுகள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். 1944 ஆகஸ்ட் 18 அதிகாலை இருளில் இங்கு கொண்டுவரப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். கூடத்தில் வேலைசெய்த போலந்துக் கைதி ஒருவர் மறைந்திருந்து கண்டதைப் பின்னர் சாட்சியமாக அளித்தார். அந்த வழக்கில் மேற்கு ஜெர்மனியில் முன்னாள் எஸ்.எஸ். அலுவலர் ஒருவர் 1986இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தீர்ப்பு குலைந்தது. 1988இல் அவர் விடுவிக்கப்பட்டார். தேல்மான் கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

ஆனால் நாஜிகள் அன்று வெளியிட்ட செய்தி வேறு. விமானத் தாக்குதலில் தேல்மானும் ருடோல்ஃப் பிரைட்ஷைடும் இறந்துவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். தேல்மானைப் பற்றியது பொய். பிரைட்ஷைட் இறந்தது மெய். ஆகஸ்ட் 24 தாக்குதலில்தான் அவர் மாண்டார்.

பிரைட்ஷைட் யார்? சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றத் தலைவர்களில் ஒருவர். 1933இல் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். 1941இல் விஷி அரசு அவரையும் ருடோல்ஃப் ஹில்ஃபர்டிங்கையும் கெஸ்டபோவிடம் ஒப்படைத்தது. லெனின் தமது ஏகாதிபத்தியம் குறித்த நூலில் எடுத்தாண்டும் விமர்சித்தும் எழுதிய ‘நிதி மூலதனம்’ நூலின் ஆசிரியரான அதே ஹில்ஃபர்டிங்தான். அவர் பாரிசில் கெஸ்டபோ காவலில் மடிந்தார். பிரைட்ஷைட் புக்கன்வால்டுக்கு வந்தார். ஜெர்மன் தொழிலாளி வர்க்கத்தின் இரு பெரும் கட்சிகளின் தலைவர்கள் ஒரே குன்றின்மேல், ஒரே வாரத்தில் உயிரிழந்தார்கள். உயிரோடிருந்தவரை இருவரும் ஒரே மேடையில் நிற்கவில்லை. கொன்றவர்களின் பொய்யறிக்கைதான் அவர்களை ஒரே வரியில் சேர்த்தது.

1932 நவம்பர்த் தேர்தலில் நாஜி கட்சி பெற்றது 33.1 சதவீதம், 196 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சி 121 இடங்களும் கம்யூனிஸ்ட் கட்சி 100 இடங்களும் பெற்றன. இரண்டையும் கூட்டினால் 221. கூட்டிப் பார்க்க இரு தரப்பிலும் ஆளில்லை. இதில் யார் பொறுப்பு என்ற வழக்கு தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. 1929 மே நாளில் பெர்லின் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடத்திய காவல்துறை, சமூக ஜனநாயகவாதி ஒருவரின் தலைமையில் இருந்தது. 1932 ஜூலை 20 அன்று பிரஷ்ய மாநில அரசு கலைக்கப்பட்டபோது, பொது வேலைநிறுத்தத்துக்குக் கம்யூனிஸ்டுகள் விடுத்த அழைப்பை ஏற்காமல் அக்கட்சி நீதிமன்றப் படிகளை நாடியது. ஹிண்டன்பர்க்கை ஆதரித்தால் ஹிட்லரைத் தடுக்கலாம் என்று நம்பியது. ஹிட்லரைப் பிரதமராக்கியவரே ஹிண்டன்பர்க்தான். இவையெல்லாம் உண்மை. ஆயினும், சமூக ஜனநாயகத்தையே பாசிசத்தின் இரட்டைப்பிறவி என்று வரையறுத்து, அடித்தட்டுத் தொழிலாளரை மட்டும் பிரித்தெடுத்து வந்துவிடலாம் என்று கருதிய அன்றைய கம்யூனிஸ்ட் நிலைப்பாடும் அதே அளவு உண்மை. 1935இல் மாஸ்கோவில் கூடிய அகிலத்தின் ஏழாவது காங்கிரசில் திமித்ரோவ் அதைத் திருத்தினார். அப்போது தேல்மான் சிறைசென்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தாமதமாக வந்த சரியான முடிவுக்கு என்ன விலை என்பதை அறிய, அந்த முற்றத்துப் பலகை போதும்.

வெளியில் கூடாதது முகாமுக்குள் கூடியது. 1943இல் கம்யூனிஸ்டுகளின் முன்முயற்சியில், வால்டர் பார்ட்டெல் தலைமையில், பல நாட்டுக் கைதிகள் அடங்கிய தலைமறைவுக் குழு அமைந்தது. சமூக ஜனநாயகவாதிகளோடும் கிறித்தவர்களோடும் சேர்ந்த மக்கள் முன்னணிக் குழுவும் உருவாயிற்று. ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து துண்டு துண்டாகத் துப்பாக்கி உறுப்புகள் கடத்திவரப்பட்டு ஒளித்து வைக்கப்பட்டன. 1945 ஏப்ரல் தொடக்கத்தில் முகாமைக் காலிசெய்ய எஸ்.எஸ். முயன்றபோது, அணிவகுப்பு அழைப்புகளுக்கு வராமலும் பட்டியல்களைக் குழப்பியும் காலங்கடத்தினார்கள். அப்படியும் சுமார் 28,000 பேர் சாவுநடைக்குத் துரத்தப்பட்டார்கள். ஏப்ரல் 8 அன்று, மறைத்து வைத்திருந்த ஒலிபரப்பி வழியாக உதவி கேட்டுச் செய்தி அனுப்பப்பட்டது. அமெரிக்க மூன்றாம் சேனையிடமிருந்து விடையும் வந்தது. ஏப்ரல் 11 அன்று டாங்கிகள் நெருங்க, எஸ்.எஸ். படையினர் ஓடத் தொடங்கினார்கள்; ஆயுதமேந்திய கைதிகள் வாயிற்கோபுரத்தைக் கைப்பற்றினார்கள். கோபுரத்தின் கடிகாரம் இன்றும் 3.15 என்றே காட்டுகிறது. சுமார் 21,000 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களுள் சிறுவர்களும் இளம்பருவத்தினரும் சுமார் 900 பேர்.

இது தாமே பெற்ற விடுதலையா, அமெரிக்கர் தந்த விடுதலையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. டாங்கிகள் இல்லாமல் எஸ்.எஸ். ஓடியிருக்காது; குழு இல்லாமல் அந்த 21,000 பேரும் அங்கு எஞ்சியிருக்க மாட்டார்கள். இவற்றில் ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது வரலாறு அல்ல.

அந்தக் குழுவின் கைகளும் சுமையற்றவை அல்ல. குற்றவாளிக் கைதிகளிடமிருந்து முகாமின் உள்நிர்வாகப் பொறுப்புகளைக் கம்யூனிஸ்டுகள் கைப்பற்றியதால் திருட்டும் அடிதடியும் குறைந்தன. நோயாளிகள் பலர் பிழைத்தார்கள். ஆனால் கிளை முகாம்களுக்கு ஆள் அனுப்பும் பட்டியலும் அவர்கள் மேசையில்தான் தயாராயிற்று. எண்ணிக்கையை எஸ்.எஸ். நிர்ணயிக்கும்; ஒரு பெயர் அடிக்கப்பட்டால் வேறொரு பெயர் எழுதப்பட்டாக வேண்டும். மூன்று வயது யூதக் குழந்தை ஒன்றைக் கைதிகள் காப்பாற்றிய வரலாறு, புருனோ அபிட்ஸ் 1958இல் எழுதிய நாவலால் உலகெங்கும் அறியப்பட்டது. ஆஷ்விட்ஸ் செல்லும் பட்டியலில் அக்குழந்தையின் பெயர் அடிக்கப்பட்ட இடத்தில் எழுதப்பட்டது 16 வயது சின்டி சிறுவன் ஒருவனின் பெயர். அவன் திரும்பி வரவில்லை. 1990களில் சில ஏடுகள் இதைக் கொண்டு, கம்யூனிஸ்டுகளும் கொலையாளிகளின் கூட்டாளிகளே என்று எழுதின. பட்டியல் போடும் கட்டாயத்தை உருவாக்கியவனையும் அந்தக் கட்டாயத்துக்குள் சிக்கியவனையும் ஒரே தட்டில் நிறுக்கும் எழுத்து அது. என்றாலும் அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லாமல் குழந்தையின் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததும் சரியன்று.

குன்றின் தென்சரிவில் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு 1958 செப்டம்பரில் திறந்துவைத்த பெரும் நினைவுச்சின்னம் உள்ளது. மணிக்கோபுரம், நாடுகளின் பெயர் தாங்கிய தூண்கள் நிற்கும் சாலை, அதன்முன் ஃபிரிட்ஸ் கிரேமர் வடித்த பதினொரு கைதிகளின் வெண்கல உருவங்கள். சிலர் நிமிர்ந்து நிற்கிறார்கள், ஒருவர் சாய்கிறார், ஒரு சிறுவனும் இருக்கிறான். ஜெர்மன் மொழியில் இவ்வகைச் சின்னத்துக்கு வழங்கும் சொல்லில் எச்சரித்தல் என்ற வினை அடங்கியிருக்கிறது. தமிழில் ‘நினைவு’ என்றே கூறிவிடுகிறோம். வீழ்ந்த வீரனுக்கு எழுப்பிய நடுகல் மரபில் வந்த மொழிக்கு, பட்டினியால் செத்தவனுக்குக் கல்நாட்டச் சொல் தேடவேண்டியிருக்கிறது. அந்தச் சிலைக்கூட்டத்தின் குறையும் அதுவே. போராடியவர்கள் அதில் இருக்கிறார்கள். போராட வலுவின்றி, சிறுமுகாம் எனப்பட்ட சேற்றுப்பகுதியில் ஆஷ்விட்சிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டு மாண்ட யூதர்கள் அதில் போதிய இடம் பெறவில்லை.

இன்னொன்றும் அங்கு வெகுகாலம் சொல்லப்படாமல் இருந்தது. 1945 முதல் 1950 வரை சோவியத் நிர்வாகம் அதே இடத்தைத் தடுப்பு முகாமாகப் பயன்படுத்தியது. சுமார் 28,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் பலர் நாஜி கட்சியின் நடுத்தர, கீழ்மட்டப் பொறுப்பாளர்கள். விசாரணையின்றி வெறும் ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டவர்களும் உண்டு. 7,000க்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். காட்டில் அவர்களுடைய புதைகுழிகளை இன்று எஃகுக் கம்பங்கள் அடையாளப்படுத்துகின்றன. இதைக் குறித்து மௌனம் காத்ததால் சோசலிசத்துக்கு எந்த நன்மையும் விளையவில்லை. 1990க்குப் பின் அந்த மௌனத்தைத்தான் எதிரிகள் ஆயுதமாக்கினார்கள்: இரண்டு சர்வாதிகாரங்கள், இரண்டும் ஒன்றே என்ற வாதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அப்போது அமைக்கப்பட்ட வரலாற்றாசிரியர் குழு, இரண்டையும் நினைவுகூர வேண்டும், ஆனால் வதைமுகாமே முதன்மை, மற்றது தனியிடத்தில், இரண்டாம் நிலையில் என்று பரிந்துரைத்தது. அது நியாயமான முடிவு. மனிதரைக் கொல்வதே கொள்கையாக இருந்த இடத்தையும், போருக்குப் பின் பசியும் பொறுப்பின்மையும் கொன்ற இடத்தையும் ஒன்றாக்காமலே, இரண்டிலும் செத்தவர்களை எண்ண முடியும்.

இப்போது அந்த மாநிலத்தின் அரசியல் எங்கே நிற்கிறது? துரிங்கியாவில்தான் 1930இல் முதன்முதலாக ஒரு நாஜி அமைச்சரானார். அதே துரிங்கியாவில் 2024 செப்டம்பர் 1 அன்று நடந்த மாநிலத் தேர்தலில் ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 32.8 சதவீத வாக்குகளோடு முதலிடம் பெற்றது. இடதுசாரிக் கட்சி 2019இல் பெற்ற 31 சதவீதத்திலிருந்து 13.1 சதவீதத்துக்குச் சரிந்தது. வலதுசாரிக் கட்சியின் மாநிலத் தலைவர் பியோர்ன் ஹூக்கே, பெர்லினின் யூதர் நினைவிடத்தை அவமானச் சின்னம் என்று பொருள்படப் பேசியவர். நாஜி புயற்படையின் முழக்கத்தைப் பயன்படுத்தியதற்காக 2024இல் நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டவர். புக்கன்வால்டில் இறந்தவர்களுக்காக வைமார் வட்டாரத்தில் நடப்பட்ட நினைவு மரங்கள் 2022இல் வெட்டி வீழ்த்தப்பட்டன.

நினைவிடத்தின் இயக்குநர் யென்ஸ்-கிறிஸ்டியான் வாக்னர் அத்தேர்தலுக்கு முன் சுமார் 3,50,000 மூத்த வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். அதற்காக மிரட்டல்களுக்கு ஆளானார். பாராட்டத்தக்க துணிவு. ஆனால் 2025 ஏப்ரலில், விடுதலையின் 80ஆம் ஆண்டு நிகழ்வில் உரையாற்ற அழைக்கப்பட்டிருந்த தத்துவ அறிஞர் ஓம்ரி பேமின் உரை, இஸ்ரேல் தூதரகத்தின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. பேம் இஸ்ரேலியர், இனஅழிப்பில் தப்பிப் பிழைத்தவரின் பேரன். உயிர்பிழைத்தோரைச் சர்ச்சைக்குள் இழுக்க விரும்பவில்லை என்பது வாக்னர் கூறிய காரணம். அதே நிகழ்வுக்குப் பாலஸ்தீனக் கஃபியே அணிந்து வர முயன்ற ஒரு பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மாநில உயர் நிர்வாக நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அம்மறுப்பு செல்லும் என்றது. அமைதியும் சுதந்திரமும் நிறைந்த புதிய உலகைக் கட்டுவதே இலக்கு என்று 1945 ஏப்ரல் 19 அன்று அதே மண்ணில் கைதிகள் உறுதியேற்றார்கள். காஸாவில் குழந்தைகள் பசியால் மடியும் காலத்தில் அந்த உறுதிமொழியை யார் முன்னிலையில், எந்த உடையில் நினைவுகூரலாம் என்று தூதரகங்களும் நீதிமன்றங்களும் தீர்மானிக்கின்றன. வாயிற்கதவின் சொற்களுக்கு இது இன்னொரு பொருள்.

இந்தியர் எவரும் இதை அயலாரின் கதை என்று ஒதுக்க முடியாது. 1931 மார்ச்சில் ரோமில் முசோலினியைச் சந்தித்து, அவரது இளைஞர் பயிற்சி அமைப்புகளைப் பார்த்து வியந்து திரும்பியவர் பி.எஸ். மூஞ்சே. 1939இல் வெளிவந்த நூலில், யூதர்களை வெளியேற்றிய ஜெர்மனியிடமிருந்து இந்துஸ்தானம் பாடம் கற்க வேண்டும் என்ற கருத்தை எழுதியவர் கோல்வால்கர். அப்போது புக்கன்வால்ட் இரண்டு ஆண்டுகளாக இயங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வழிவந்தோர் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். எதிர்த்து நிற்கும் கட்சிகளோ தொகுதிக்குத் தொகுதி, மாநிலத்துக்கு மாநிலம் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டிருக்கின்றன. 1932இல் கூட்டப்படாத அந்தக் கணக்கு இங்கும் பலமுறை கூட்டப்படாமல் விடப்பட்டிருக்கிறது. கொள்கை வேறுபாட்டை மறைக்காமல், எதிரி யார் என்பதில் தடுமாறாமல், இரண்டையும் ஒருசேரச் செய்வது எவ்வாறு என்பது கிளைக் கூட்டங்களிலும் மாநாட்டு விவாதங்களிலும் முடிவு செய்யப்பட வேண்டிய அன்றாடப் பிரச்சினை.

புக்கன்வால்டின் அணிவகுப்புத் திடலில் கைதிகள் உறுதியேற்ற இடத்தில், 1995இல் ஓர் உலோகத் தகடு தரையில் பதிக்கப்பட்டது. கைதிகள் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தார்களோ அவற்றின் பெயர்கள் அதில் உள்ளன. அத்தகடு ஆண்டு முழுவதும் 37 டிகிரி வெப்பத்தில், அதாவது மனித உடலின் சூட்டில், வைக்கப்படுகிறது. குளிர்காலத்தில் குன்றெங்கும் பனி மூடிக் கிடக்கையில் அந்தத் தகடு மட்டும் வெறுமையாகத் தெரிகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் கையுறையைக் கழற்றி, குனிந்து, அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.